படத்தில் வந்த நர்சும் நானும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த சுகாதார செவிலியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்து, ஓய்வு பெற்ற என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு 'தடுப்பூசி பற்றிய வதந்திகளை எதிர்கொள்வது எப்படி'. பத்து வருடத்துக்கு முன் வந்த ஒரு சினிமாவின் துண்டுகள் இப்போது மறுபடியும் போனில் சுற்றுகின்றனவாம். சில தெருக்களில் கதவைத் திறப்பதில்லையாம். அந்தப் படம் ஓடிய காலத்தில் வேலையில் இருந்தவள் என்பதால் என் நினைவு வந்திருக்கிறது.

அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாக இருங்கள், கோபப்படாதீர்கள், தாயோடு பேசுங்கள் என்று கையேட்டில் இருப்பதையே சொன்னேன். கை தட்டினார்கள். முடிக்கும்போது ஒரு பெண் எழுந்து, "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் எதும்மா?" என்று கேட்டாள். "இருக்குதுமா, டைம் ஆயிடுச்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். டைம் ஆகவில்லை. இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் லோகநாயகி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நர்சம்மாதான். பத்தாம் வகுப்பு முடித்து ஒன்றரை வருடம் பயிற்சி. பிறகு ஒரு அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் கொஞ்ச நாள், அதற்கப்புறம் ஐயம்பேட்டைப் பக்கம் துணை மையத்தில் பல வருடம், கடைசிப் பதினான்கு வருடம் பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்கள். வேலை என்றால் இதுதான்: கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடுவது, போடாதவர்கள் வீட்டுக்கு நடப்பது. நடந்ததுதான் அதிகம். இரண்டு முட்டியும் போய்விட்டன.

முதலில் அந்தப் பிரசவ வார்டு. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே என்னோடு இருந்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மாதம் இத்தனை என்று மேலிருந்து இலக்கு வரும். மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் நிற்க வைப்பார்கள். அப்படி ஒரு மாதக் கடைசியில், பிரசவம் முடிந்து அரை மயக்கத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்கு எங்கள் பெரிய நர்ஸ் கருத்தடை லூப் வைத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வெளியே வந்து நோட்டில் 'கேட்டுச் சம்மதம் பெறப்பட்டது' என்று என் கையாலேயே எழுதினேன். யாரும் அவளைக் கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து அதே பெண் ஐயம்பேட்டையில் என்னிடம் வந்து நின்றாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"ரெண்டாவது நிக்கவே மாட்டேங்குது நர்சம்மா. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துல தொட்டில்கூட கட்டிட்டு வந்துட்டேன். மாமியா தெனம் பேசறாங்க" என்றாள்.

படுக்க வைத்துப் பார்த்தேன். லூப்பின் நூல் தெரிந்தது. எடுத்துவிட்டேன். "உள்ள சின்னப் புண்ணு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்று சொன்னேன். அடுத்த வருடம் அவளுக்கு மகன் பிறந்தான். மாமரத்துக்கு நேர்த்திக்கடன் முடித்துவிட்டு எனக்கு ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். இதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.

அடுத்து டாக்டர் பத்மாவதி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் சுகாதார நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பிறகு தடுப்பூசிப் பெட்டியைத் திறக்கச் சொல்வார். அது நீல நிறப் பெட்டி, நான்கு பக்கமும் ஐஸ் கட்டிகள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே லேசாகத் தண்ணீர் அலம்பும் சத்தம் வரவேண்டும். கல் மாதிரி இருந்தால் மருந்து உறைந்து கெட்டுவிடும், முழுக்க உருகியிருந்தால் சூட்டில் கெட்டுவிடும். சத்தம் வரும்வரை யாரையும் வெளியே அனுப்பமாட்டார். அம்மைத் தடுப்பூசி தூளாக வரும். தண்ணீர் கலந்த நேரத்தைக் குப்பிமேல் எழுத வேண்டும். நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கொட்டச் சொல்வார். போடுவதற்கு முன் தாயிடம் என்ன ஊசி, எதற்கு, என்ன ஆகும் என்று நாங்கள் சொல்கிறோமா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பார்.

நாங்கள் களத்திலிருந்து வந்து எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "பாத்தியா, கேட்டியா?" அந்தத் தெருவில் பேதி என்று சொன்னால், பாத்தியா, கேட்டியா? அந்த வீட்டில் குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டார்களாம் என்றால், பாத்தியா, கேட்டியா? எங்கள் நோட்டில் நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் பார்த்தது, ஒரு பக்கம் கேட்டது என்று எழுத வைத்தார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வீட்டில் மருமகளைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால்கூட எனக்கு அந்தக் கோடு ஞாபகம் வரும்.

இந்த நிலையில்தான் அந்தப் படம் வந்தது.

என் கணவர் பட்டு நூல் சாயப் பட்டறையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர். அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். கதை இதுதான். ஒரு வெளிநாட்டு மருந்துக் கம்பெனி, அதற்கு உடந்தையாக ஒரு அமைச்சர், ஒரு தர்ம ஸ்தாபனம். ஏழைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி என்று சொல்லி வேறு எதையோ போட்டுச் சோதனை செய்கிறார்கள். குழந்தைகள் விழுகின்றன. கதாநாயகன் குடோனுக்குள் புகுந்து ஃபைலை எடுத்து, கோர்ட்டில் பத்து நிமிடம் பேசுகிறான். அதில் ஒரு நர்ஸ் வருகிறாள். கையில் நீலப் பெட்டி, எங்களுடையது போலவே. சிரித்துக்கொண்டே குத்துகிறாள். ஒரு காட்சியில், படிக்கத் தெரியாத ஒரு தாயின் பெயருக்கு எதிரே அவளே 'சம்மதம்' என்று எழுதிவிட்டு நோட்டை மூடுகிறாள்.

அந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இவர் விசிலடித்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரனை எதிர்த்துப் பேசும் ஒவ்வொரு வசனத்துக்கும் எழுந்து நின்று கை தட்டினார். நானும் கடைசியில் தட்டினேன். பொய் சொல்லவில்லை. கோர்ட் காட்சி முடிந்தபோது தியேட்டரே எழுந்து நின்றது, நானும் நின்றேன்.

வண்டியில் திரும்பும்போது இவர் கேட்டார்: "உங்க பொட்டியும் அதே நீலம்தானே?"

"ஆமா."

"அதுக்குள்ள இருக்கறது எங்கேர்ந்து வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

இருபத்தைந்து வருடம் என் சம்பளத்தில் பாதிக் குடும்பம் ஓடியது. எங்கள் மகனுக்கு நான்தான் எல்லா ஊசியும் போட்டேன். அந்த மனிதர் கேட்கிறார்.

அடுத்த வாரத்திலிருந்து தெருவில் பேச்சு வேறாகிவிட்டது. அந்தப் படத்தில் கட்சி பெயர் எதுவும் இல்லை. அமைச்சர் வெள்ளை வேட்டி கட்டியிருப்பார், கரை தெரியாது. அதனால் ஆளுக்கொரு கரை போட்டுக்கொண்டார்கள். ஆளும் கட்சி வட்டச் செயலாளர் தணிகாசலம், "அவங்க ஆட்சியில நடந்தத அப்டியே எடுத்துருக்கான்" என்றார். எதிர்க்கட்சிக்காரர்கள் இப்போதைய அமைச்சர்தான் அது, மோதிரத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார்கள். ஒருவர் தமிழனை அழிக்க டெல்லி போட்ட திட்டம் என்றார். இன்னொருவர் மதம் மாற்றுகிறவர்களின் வேலை என்றார். ஜரிகை வியாபாரம் செய்யும் பாஷா பாய் வீட்டுக்குப் போனால், அவர் மனைவி கதவை ஒருக்களித்துக்கொண்டு, "எங்க ஆளுங்க பெருகக் கூடாதுன்னு போடறாங்களாமே, அந்தப் படத்துலகூட வந்துச்சாமே" என்றார். அவர் படம் பார்க்கவே இல்லை. ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லாரும் என் பெட்டி விஷயத்தில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவரும் படத்தைப் பார்த்திருந்தார்.

"கம்பெனிக்காரன் லாபத்துக்கு எதையும் செய்வான்னு படக்காரன் சொல்றான், அது சரிதான். மந்திரிய நம்பாதன்னு சொல்றான், அதுவும் சரிதான். ஏழைக்காகத்தான் பேசறான். ஆனா படம் முடிஞ்சதும் கம்பெனிக்காரன் புள்ளைக்கு அவன் ஊசி போட்டுப்பான். ஏழை புள்ளைக்குத்தான் போடாம நின்னுடும்" என்றார். பிறகு ஐஸ் கட்டியை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

எங்கள் தெருக்களில் முதலில் எதிர்த்து நின்றவர் ஏழுமலை. அவர் நெசவுக்காரர் அல்ல. தென்னேரிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஏதோ ஒரு கம்பெனிக்காக நிலம் போன பிறகு டவுனுக்கு வந்து வாடகைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். கட்சியில் தீவிரம். கொடி கட்டுவது, போஸ்டர் ஒட்டுவது எல்லாம் அவர் கூட்டம்தான். மனைவி கோமதி வீட்டில் இராட்டையில் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பாள். ஒரே பெண் குழந்தை, துர்கா. ஒன்பது மாதம் முடிந்து அம்மைத் தடுப்பூசி போட வேண்டிய சமயம். ஏழுமலை அந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருந்தார்.

அங்கன்வாடியில் முகாம் வைத்த அன்று எதிர்த் திண்ணையில் நண்பர்களோடு உட்கார்ந்துகொண்டார். வாய் திறந்து யாரையும் தடுக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்ததே போதுமாக இருந்தது. மூன்றே குழந்தைகள் வந்தன. நானே அவரிடம் போனேன்.

"உங்க மேல கோவம் இல்ல நர்சம்மா. உங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. மேலேர்ந்து குடுக்கறான், நீங்க கொண்டாந்து குத்தறீங்க. படத்துல அந்த நர்சுக்கும் கடைசி வரைக்கும் தெரியாதே" என்றார்.

"அது படம்பா. யாரோ உக்காந்து எழுதினது."

"எங்க நெலத்த எடுக்கறப்ப இன்னா சொன்னாங்க தெரியுமா? அளக்கத்தான் வந்துருக்கோம், அளந்ததுக்கு ஒரு கையெழுத்துன்னாங்க. எங்கப்பா போட்டுட்டாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது இன்னா கையெழுத்துன்னு. அவரு எந்தப் படத்தப் பாத்து ஏமாந்தாரு, சொல்லுங்க?"

எனக்கு என் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஏழு முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். குப்பியைக் காட்டினேன். ஊசி உறையைப் பிரிப்பதற்கு முன் கையில் கொடுத்தேன். என் மகனின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஒருமுறை டாக்டரம்மாவே வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து, தன் வழக்கப்படி கேட்டார்.

"ஊசியால புள்ளைங்க செத்ததுன்னு சொல்றீங்களே ஏழுமலை, நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"பாத்தேன் டாக்டரம்மா. படத்துல பாத்தேன்" என்றார் ஏழுமலை.

கிண்டல் இல்லை. உண்மையாகத்தான் சொன்னார். டாக்டரம்மா எழுந்துவிட்டார். வரும் வழியில், "அவன் பொய் சொல்லல லோகநாயகி, கண்ணாலதான் பாத்திருக்கான்" என்றார். நோட்டில் நான் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, கூட்டம் எல்லாம் போன பிறகு கோமதி வந்தாள். இடுப்பில் துர்கா. முந்தானையால் குழந்தையின் தலையை மூடியிருந்தாள்.

"பக்கத்துத் தெருவுல ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மை போட்டுருக்குது நர்சம்மா. எனக்கு பயமா இருக்குது. அவரு செங்கல்பட்டு சவாரி போயிருக்காரு. போட்டுடுங்க."

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "தாய் கேக்கறா, அது போதும். போடு. கார்டுல எழுதிக் கொடு" என்றார். குப்பியை எடுத்தேன். அட்டையைக் கேட்டேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கார்டுல எழுதாதீங்க நர்சம்மா. தெனம் எடுத்துப் பாக்கறாரு. எழுதிருந்தா என்னை வீட்ட விட்டே தொரத்திடுவாரு. எழுதாம போட்டுடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"நாளைக்கு புள்ளைக்கு ஜுரம் வரும்மா. ஊசி எடத்துல வீங்கும். அவரு கேட்டா இன்னா சொல்லுவ?"

"எறும்பு கடிச்சிச்சின்னு சொல்றேன்."

குழந்தை என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிட வேலை. கலந்து, உறிஞ்சி, வலது கையில் தோலுக்கு அடியில் போட்டு, பஞ்சு வைத்து அழுத்தி அனுப்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விடுவது, கேட்காத இடத்தில் கேட்டதாக எழுதுவது, இரண்டும் எனக்கு ஒன்றாகவே பட்டது. ஒரு முறை செய்தாயிற்று. தவிர, மறைத்துப் போட்டால் அந்தப் படம் சொன்னதை நானே உண்மையாக்கிவிடுவேன் என்று நினைத்தேன்.

"எழுதித்தான் போடுவேன் கோமதி. அவரு கேட்டா நான் வந்து பேசறேன்" என்றேன்.

அவள் காலைத் தொட வந்தாள். நான் விலகிக்கொண்டேன். முந்தானையை மறுபடி குழந்தையின் தலைமேல் போட்டுக்கொண்டு போய்விட்டாள். டாக்டரம்மா உள்ளே வேறொரு நோயாளியோடு இருந்தார். அவரிடம் போய், எழுதாமல் போடலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினைந்தாவது நாள் துர்காவுக்கு ஜுரம். கண் சிவந்து, காதுக்குப் பின்னால் ஆரம்பித்து உடம்பெல்லாம் சிவப்பு. அம்மை என்றால் நம் பக்கம் வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். ஐந்து நாள் அப்படியே வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் குழந்தைக்கு வலிப்பு. ஏழுமலை ஆட்டோவில் வைத்து ஒரு கையால் ஓட்டி ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாராம். வார்டு வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுததாகச் சொன்னார்கள். இது நான் கேட்டது.

மறுநாள் பார்த்தது இது. புதன்கிழமை, தாய்மார்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழுமலை பத்துப் பன்னிரண்டு பேரோடு உள்ளே வந்தார். மூன்று நாள் தூங்காத முகம். ஒரு ஆள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே வந்தான்.

"எனக்குத் தெரியாம எம்புள்ளைக்கு ஊசி போட்டது நீதானே? நான் சவாரி போயிருந்தப்ப கோமதி இங்க வந்தாளாம், பாத்தவங்க சொல்றாங்க. அந்த ஊசிதானே எம்புள்ளைய இப்டி ஆக்கிடுச்சு?" எப்போதும் நீங்க என்று பேசுகிறவர்.

"நான் போடலப்பா. கார்டப் பாரு."

"கார்டுல எழுதாம போடறது தெரியாதா எங்களுக்கு? படத்துலயே காட்டிட்டான்!"

டாக்டரம்மா வெளியே வந்து தடுப்பூசி நோட்டை விரித்துக் காட்டினார். கலந்த குப்பி எத்தனை, போட்ட குழந்தைகள் எத்தனை, கொட்டியது எவ்வளவு. ஒருவரும் நோட்டைப் பார்க்கவில்லை. ஒருவன் நீலப் பெட்டியை எட்டி உதைத்தான். மூடி கழன்று ஐஸ் கட்டிகள் தரையில் சிதறின. உட்கார்ந்திருந்த தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். நான் நிரூபிக்க ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. செய்யாததை எப்படிக் காட்டுவது?

அந்த நேரத்தில் கோமதி உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். செருப்பு இல்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அவங்க போடல. நான்தான் கெஞ்சினேன். உனக்குத் தெரியாம போடுங்கன்னு காலப் புடிக்கப் போனேன். எழுதாம போட மாட்டேன்னுட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "போட்டிருந்தா எம்புள்ள இப்டி கெடப்பாளா நர்சம்மா?"

என்னைக் காப்பாற்றியதும் குற்றம் சாட்டியதும் ஒரே மூச்சில். படம் எடுத்துக்கொண்டிருந்தவன் போனைக் கீழே இறக்கினான். ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீடியோ எந்தக் குரூப்பிலும் வரவில்லை.

துர்கா பிழைத்தாள். இரண்டு காதும் போய்விட்டன. காதுக்குள் கருவி பொருத்த அரசு உதவி கிடைக்கும் என்று டாக்டரம்மா தாள் எல்லாம் தயார் செய்து கொடுத்தார். தலைக்குள் மெஷின் வைக்க விடமாட்டேன் என்று ஏழுமலை மறுத்துவிட்டார். தலைக்குள் மெஷின் வைப்பதாக அந்தப் படத்தில் இன்னொரு காட்சி இருந்தது. அவர் ஒருவழியாகச் சம்மதித்துச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, உள்ளே எலும்பு வளர்ந்துவிட்டது, இனி பொருத்த முடியாது என்றார்களாம்.

அந்தத் தெருவில் பிறகு ஊசி போட வந்தார்கள். ஆனால் புதுப் பழக்கம் ஒன்று வந்துவிட்டது. போடுவதற்கு முன் குப்பியை நீட்டச் சொல்லி, பெயரும் தேதியும் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். உடன் வேலை பார்த்தவர்களுக்கு அது அவமானமாக இருந்தது. எனக்கு இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் ஆனது. கோமதியின் கேள்வி மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை. அன்று நான் காப்பாற்றியது அந்தத் தெருவின் நம்பிக்கையையா, என் மனசாட்சியையா? சில நாள் ஒரு மாதிரி தோன்றும், சில நாள் வேறு மாதிரி.

பயிற்சியில் பேசிவிட்டுப் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஏழுமலை. தலை நரைத்திருந்தது. பின்னால் கோமதியும் துர்காவும். துர்காவுக்கு இப்போது பதினோரு வயது. காது கேளாதோர் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

"ஏறுங்கம்மா, வீட்டாண்ட விட்டுடறேன்" என்றார். ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவரேதான் பேசினார். புதிதாக ஒரு படம் வந்திருக்கிறதாம். அதில் நர்ஸ்தான் கதாநாயகி. தடுப்பூசி பற்றிப் பொய்ப் பேச்சைக் கிளப்பிவிட்டு ஓட்டு வாங்கப் பார்க்கும் ஒரு கட்சியை அவள் தன்னந்தனியாகக் கண்டுபிடித்து மாட்டி விடுகிறாளாம்.

"மூணு வாட்டி பாத்துட்டேன். அழுதுட்டேம்மா. எல்லாம் அந்தக் கட்சிக்காரன் வேலை. அப்ப நம்மள ஊசி போடாதன்னு கெளப்பி விட்டதே அவனுங்கதான். இப்பதான் வெளங்குது." அவர் சொன்ன கட்சி, அவருடைய எதிர்க்கட்சி. அங்கன்வாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "உங்களுக்கு எல்லாம் தெரியும் இல்ல? ஏம்மா நீங்க அப்பவே சொல்லல?" என்றார்.

"சொன்னேன்பா. ஏழு வாட்டி வூட்டுக்கு வந்து சொன்னேன்."

"சொல்லியிருப்பீங்க," என்றார் ஏழுமலை. "படத்துல பாத்தாதாம்மா புரியுது."

கோமதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் நடுவில் துர்கா அந்தப் புதுப் படத்தைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தை யாரோ முழுக்கக் குறைத்து வைத்திருந்தார்கள். திரையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி அழும் குழந்தையின் கையைப் பிடித்து ஊசியை ஓங்கினாள். துர்கா நிமிர்ந்து அம்மாவின் தோளைத் தட்டி, கையால் ஏதோ கேட்டாள். என்ன என்று நான் பார்த்தேன்.

"ஊசி போடற அந்தம்மா நல்லவங்களா கெட்டவங்களான்னு கேக்கறா" என்றாள் கோமதி.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகளின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் நிதானமாகப் பதில் சொன்னாள். எனக்குச் சைகை மொழி தெரியாது. என்ன சொன்னாள் என்று கேட்கவும் இல்லை. எங்கள் தெரு முனை வந்தது, இறங்கிக்கொண்டேன்.